பெட்டியைத் திருடியவர் கொடுத்த பணம்

பொழுது விடிகிறது. நியூயார்க் நகரத்தில் ஒரு நடைபாதை. அதில் ஒருவன் சுருண்டு படுத்திருக்கிறான். இரவு குடித்த மயக்கம் இன்னும் தெளியவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறக்கிறான். பக்கத்தில் பார்க்கிறான்.

பெட்டியைக் காணவில்லை!

அவனுக்கு இருந்த சொத்தே அந்த ஒரு பெட்டிதான். மாற்றுத் துணி அதில்தான் இருந்தது. கடிகாரமும் அதில்தான் இருந்தது. வெளியூரிலிருந்து வேலை முடிந்து வந்தவன். இந்த ஊரில் அவனுக்கு உற்றார் இல்லை, உறவினர் இல்லை.

பெட்டியை எடுத்தது யார்? முன்பின் தெரியாத திருடனா? இல்லை. முதல் நாள் அவனோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து, அவன் காசில் குடித்து, நண்பனைப் போலப் பேசிக்கொண்டிருந்த கிழவன்தான். இவன் தெருவில் விழுந்து தூங்கியதும், அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான். அதைக் கொண்டு ஒரு விடுதியில் தனக்கு அறை பிடித்துக்கொண்டான். இவன் படுக்கத் தரை. அவன் படுக்கக் கட்டில்.

போலீஸ் செய்தி போல இருக்கிறது அல்லவா? ஒரு சினிமாப் படத்தில் வரும் காட்சி இது. 1956-ம் ஆண்டில் வெனிஸ் நகரத்துப் படவிழாவில் பரிசு பெற்ற படம். பெயர் "ஆன் தி பவரி". "பவரித் தெருவில்" என்று பொருள். மொத்தம் 65 நிமிடம்தான் ஓடும். பாட்டுக் கிடையாது. நடனம் கிடையாது. காதல் கிடையாது. பெரிய நடிகர் ஒருவர்கூட இல்லை. பெட்டியைப் பறிகொடுத்தவரும் நடிகர் அல்ல. எடுத்தவரும் நடிகர் அல்ல. இரண்டு பேரும் அந்தத் தெருவில் உண்மையாகவே குடித்து அலைந்தவர்கள்.

வெளிவந்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அந்தப் படத்தைப் பற்றி அப்போது எழுந்த கேள்வி இன்னும் ஓயவில்லை. இப்படிப்பட்ட துயரத்தைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா? வீட்டில் இருக்கிற கவலை போதாதா?

கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்வதற்கு முன், அந்தத் தெருவையும் அந்த மனிதர்களையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோழிக் கூண்டு அறைகள்

பவரி என்பது நியூயார்க்கில் மன்ஹாட்டன் பகுதியில் உள்ள ஒரு வீதி. டச்சுக்காரர்கள் அந்த ஊரை ஆண்ட காலத்தில் அங்கே பண்ணைகள் இருந்தன. பண்ணை என்பதற்கான டச்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான் இந்தப் பெயர். பிறகு அது நாடகக் கொட்டகைகள் நிறைந்த வீதி ஆயிற்று. 1878-ல் தெருவுக்கு மேலே இரும்புத் தூண்கள் நட்டு, உயரத்தில் ரயில் ஓட விட்டார்கள். தெருவில் வெயில் விழாமல் போயிற்று. மேலே தடதடவென்று ரயில், கீழே இருட்டு. வசதி உள்ளவர்கள் வேறு இடம் பார்த்துப் போனார்கள். மலிவான மதுக்கடைகளும், மலிவான விடுதிகளும் வந்து சேர்ந்தன.

அந்த விடுதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கூடம் ஒன்றைப் பலகை வைத்துத் தடுத்திருப்பார்கள். ஒரு தடுப்புக்குள் ஒரு கட்டில், அவ்வளவுதான் அறை. தடுப்புகள் கூரை வரை போகமாட்டா. பக்கத்து அறைக்காரன் ஏறிக் குதித்துத் திருடிவிடக் கூடாது அல்லவா? அதற்காக மேலே கம்பி வலை அடித்திருப்பார்கள். கோழிக் கூண்டுக்கு அடிக்கும் அதே வலைதான். சில்லறைக் காசு கொடுத்தால் ஓர் இரவு அந்தக் கூண்டுக்குள் படுக்கலாம். அந்தச் சில்லறையும் இல்லாதவனுக்கு நடைபாதை இருக்கிறது.

உலகத்துப் பணமெல்லாம் புரளும் வால் வீதிக்கும் இந்தத் தெருவுக்கும் அதிக தூரம் இல்லை. நடந்தே போய்விடலாம். பவரியில் கிடந்தவர்கள் பிச்சைக்காரர்களாகவே பிறந்தவர்களும் அல்லர். தச்சர், கப்பலில் வேலை பார்த்தவர், போருக்குப் போய் வந்தவர், சமையற்காரர், கணக்கு எழுதியவர் என்று எல்லாத் தொழிலாரும் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எங்கேயோ ஒரு வீடு இருந்தது. இப்போது அது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பவர் பெயர்கூடத் தெரியாமல் குடித்தார்கள்.

மில் முதலாளியின் மகன்

இவர்களைப் படம் பிடித்தவர் ஏழை அல்லர். பெயர் லயனல் ரோகோசின். 1924-ல் பிறந்தவர். தகப்பனார் துணி நூல் தொழிலில் பெரிய முதலாளி. மகன் ஏல் பல்கலைக் கழகத்தில் ரசாயன எஞ்சினீயரிங் படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் வேலை செய்தார். பிறகு அப்பாவின் தொழிலில் சேர்ந்தார். நாற்காலி இருந்தது, சம்பளம் இருந்தது. ஆனால் மனம் அதில் இல்லை.

தென் ஆப்பிரிக்காவில் வெள்ளையர் அரசு கறுப்பு மக்களை ஒதுக்கி வைத்துக் கொடுமை செய்துவந்த காலம் அது. அதைப் படம் எடுத்து உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்பது ரோகோசினின் ஆசை. ஆனால் அவருக்குப் படம் எடுக்கத் தெரியாது. ஒரு சிறிய காமிராவை வாங்கித் தாமே பழகினார். 1954-ல் வேலையை விட்டார். பெரிய காரியத்தில் இறங்கும் முன், உள்ளூரிலேயே ஒரு படம் எடுத்துக் கை பழகலாம் என்று நினைத்தார். அப்படித்தான் பவரித் தெருவுக்கு வந்தார்.

வந்ததும் காமிராவை எடுக்கவில்லை! இதுதான் முக்கியம். சுமார் ஆறு மாதம் சும்மா அந்தத் தெருவில் சுற்றினார். மதுக்கடைகளில் உட்கார்ந்தார். அவர்களோடு குடித்தார். அவர்கள் பேசுவதைக் கேட்டார். "இவன் யார், போலீஸா, பத்திரிகைக்காரனா?" என்ற சந்தேகம் தீரும் வரை இருந்தார்.

அவருக்குத் துணை இரண்டு பேர். காமிராக்காரர் ரிச்சர்டு பாக்லி. கதை எழுதியவர் மார்க் சப்ரின். கதை என்று சொன்னாலும் வசனம் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. "நீ பெட்டியோடு வருகிறாய். இவரைச் சந்திக்கிறாய். பெட்டி போய்விடுகிறது" என்ற அளவில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். பேச்சு அவர்களுடைய சொந்தப் பேச்சு. 1955-ல் படம் எடுத்தார்கள். அந்த ஆண்டு மே மாதம்தான் மேலே ஓடிய ரயிலை நிறுத்தினார்கள். இரும்புத் தூண்கள் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தன. அவற்றின் நிழல் படம் முழுவதும் தெருவில் வரிவரியாக விழுந்து கிடக்கிறது.

ரோகோசின் தேர்ந்தெடுத்த இருவரில் இளையவர் ரே சால்யர். ஒல்லியான உடம்பு, களையான முகம். சினிமாக் கதாநாயகன் என்றே சொல்லலாம். மற்றவர் கார்மன் ஹென்ட்ரிக்ஸ். வயதானவர், பருத்த உடம்பு. பேச்சிலே கெட்டிக்காரர்.

மூன்று நாள்

படத்தில் நடப்பது மூன்று நாள் கதை. ரயில் பாதையில் வேலை செய்து கூலி வாங்கிக்கொண்டு ரே பவரிக்கு வருகிறார். ஒரு மதுக்கடைக்குள் நுழைகிறார். கார்மன் அறிமுகமாகிறார். கையில் இருந்த காசு மேஜை மேஜையாகக் கரைகிறது. பெட்டியிலிருந்து துணியை எடுத்து விற்றும் குடிக்கிறார்கள். இரவு ரே தெருவில் விழுகிறார். பெட்டி போகிறது.

மறுநாள் ரே கூலி வேலைக்குப் போகிறார். குடியை விட்டுவிட வேண்டும் என்று அவருக்கே தோன்றுகிறது. ஏழைகளுக்குச் சோறும் படுக்கையும் கொடுக்கும் கிறிஸ்துவ தரும விடுதிக்குச் செல்கிறார். பவரியில் 1879-ல் தொடங்கிய விடுதி அது. இன்றும் அதே தெருவில் நடந்துவருகிறது. அங்கே போதகர் பிரசங்கம் செய்கிறார். வரிசை வரிசையாகக் குடியர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். போதகரை ரோகோசின் கேலி செய்யவில்லை. அவர் நல்லதைத்தான் சொல்கிறார், மனதாரச் சொல்கிறார். காமிரா கேட்கிறவர்களின் முகத்தைப் பார்க்கிறது. ஒருவர் உற்றுக் கேட்கிறார். ஒருவர் தூங்கி வழிகிறார். ஒருவர் கண்ணில் ஒன்றுமே இல்லை. எல்லோருக்கும் அந்தப் புத்திமதி முன்பே தெரியும். தெரியாததால் குடிக்கவில்லை.

ரே அன்று இரவு அங்கே தங்கவேண்டியவர். தங்க முடியவில்லை. எழுந்து வெளியே போகிறார். நேரே மதுக்கடை!

பார்க்கிறவர்களுக்குக் கோபம் வரும். "இவ்வளவு சொல்லியும் போகிறானே!" என்று தோன்றும். ஆனால் டாக்டர்களைக் கேட்டால் வேறு விஷயம் சொல்வார்கள். பல காலம் விடாமல் குடித்த உடம்பு, குடியைத் திடீரென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. கை நடுங்கும். வியர்க்கும். தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. அதனால்தான், நீண்ட நாள் குடித்தவர் குடியை நிறுத்தும்போது டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். குடிக்கு அடிமையானவர்களை நோயாளிகளாகக் கருதி ஆஸ்பத்திரிகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் சொன்னது 1956-ல்தான். இந்தப் படம் வெனிஸில் பரிசு வாங்கிய அதே ஆண்டு. அதற்கு முன்பு 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்குச் சட்டமும் இருந்து பார்த்துவிட்டது. சட்டம் வந்தது, போனது. பவரியில் விழுந்தவர்கள் விழுந்தபடியே கிடந்தார்கள்.

அன்று இரவு ரே மறுபடியும் மிதமிஞ்சிக் குடிக்கிறார். இருட்டுத் தெருவில் யாரோ அவரை அடித்து வழிப்பறி செய்கிறார்கள். பொழுது விடிகிறது.

இப்போதுதான் படத்தின் சிறந்த காட்சி வருகிறது. அடிபட்டுக் கிடந்த ரேயை மறுநாள் கார்மன் பார்க்கிறார். இதற்குள் பெட்டியிலிருந்த கடிகாரத்தை அவர் காசாக்கிவிட்டார். அந்தக் காசில் ஒரு பங்கை எடுத்து ரேயிடம் கொடுக்கிறார். எங்கிருந்து வந்த காசு என்று உண்மையைச் சொல்லவில்லை. தாமே உதவி செய்வதுபோலக் கொடுக்கிறார். இதை வைத்துக்கொண்டு இந்தத் தெருவை விட்டுப் போய்ப் பிழைத்துக்கொள் என்கிற மாதிரி அனுப்பிவைக்கிறார். ரே நன்றியோடு வாங்கிக்கொள்கிறார்.

திருடியவரும் அவரே, தருமம் செய்தவரும் அவரே! கொடுத்ததோ ரேயின் சொந்தப் பணம். அதிலும் ஒரு பங்குதான். அப்படியானால் கார்மன் நல்லவரா, கெட்டவரா?

சாதாரணப் படமாக இருந்தால் இந்த இடத்தில் கார்மன் காலில் விழுந்து அழுதிருப்பார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். இல்லாவிட்டால் போலீஸ் வந்து விலங்கு மாட்டியிருக்கும். இரண்டில் ஒன்று நடந்தால்தான் பார்ப்பவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியும். ரோகோசின் அந்த நிம்மதியைக் கொடுக்கவில்லை. கார்மன் முழுப் பணத்தையும் தாமே வைத்துக்கொண்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கொடுக்கவேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது? முழுவதையும் கொடுக்கவேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? குடும்பத்தில் குடிப்பவர் ஒருவர் இருந்தால், அந்த வீட்டுப் பெண்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பெட்டியில் இருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போனவர், மாலையில் குழந்தைக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு வருவதில்லையா? அந்த மிட்டாயும் பொய் இல்லை. அந்தத் திருட்டும் பொய் இல்லை.

"ர்" போட்ட படம்

குடிப்பவனைக் "குடிகாரன்" என்றுதான் உலகம் சொல்கிறது. வாத்தியாருக்கு "ர்" உண்டு. வக்கீலுக்கு "அவர்" உண்டு. குடிகாரனுக்கு "ன்"தான். பத்திரிகையிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இந்தக் கட்டுரையின் தொடக்கத்திலும் அப்படித்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்து முடித்த பிறகு அந்த "ன்" வாயில் வர மறுக்கிறது. ரோகோசின் அவர்களுக்கு "ர்" போட்டுப் படம் எடுத்திருக்கிறார். அழகாக்கிக் காட்டவில்லை. பல் விழுந்த வாய், வீங்கிய முகம், கிழிந்த சட்டை எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் பல முகங்களைக் காமிரா கிட்டப் போய், பொறுமையாகப் பார்க்கிறது. பெரிய மனிதர்களைப் படம் எடுக்கும்போது பார்ப்பதுபோலப் பார்க்கிறது. தெருவோடு போகிறவர்கள் அந்த முகங்களை ஒரு நொடிகூடப் பார்ப்பதில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

குறை சொல்லவும் ஒன்று இருக்கிறது. நடைபாதையில் மயங்கிக் கிடப்பவர்கள் பலர் படத்தில் வருகிறார்கள். தூங்குகிறவனிடம் அனுமதி கேட்க முடியாது. ரேயும் கார்மனும் தெரிந்தே படத்தில் வந்தார்கள். அவர்களுக்கு அதில் ஒரு பெருமையும் இருந்திருக்கலாம். ஆனால் வாசற்படியில் வாய் திறந்து கிடந்த அந்தக் கிழவர்? தம்முடைய முகம் பல நாட்டுத் திரைகளில் தெரியும் என்று அவருக்குத் தெரியுமா? அவருடைய மகளோ தங்கையோ கொட்டகையில் உட்கார்ந்து பார்த்திருந்தால்? நல்ல நோக்கத்தோடு எடுத்த படம்தான். நல்ல நோக்கம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ரோகோசினைப் புகழ்கிறவர்கள் இந்தக் கேள்வியைச் சீக்கிரம் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது.

காசு கொடுத்துப் பார்ப்பதா?

1957-ல் இந்தப் படம் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. அங்கே "நியூயார்க் டைம்ஸ்" பெரிய தினசரி. அதன் சினிமா விமர்சகர் பாஸ்லி கிரவுதர். அவர் நல்லது என்றால் கூட்டம் வரும். கெட்டது என்றால் கொட்டகை காலி. அப்படிப்பட்ட செல்வாக்கு. அவருக்குப் படம் பிடிக்கவில்லை. இவ்வளவு சோகத்தைக் காட்டிவிட்டு மக்களிடம் காசு வேறு வாங்குவதா என்ற கருத்தில் எழுதினார்.

தூரத்து நாடுகள் வேறு விதமாக நினைத்தன. வெனிஸ் படவிழா இதைச் சிறந்த செய்திப் படம் என்று சொல்லிப் பெரும் பரிசு கொடுத்தது. இங்கிலாந்திலும் பரிசு கிடைத்தது. பிறகு ஹாலிவுட்டும் விழித்துக்கொண்டது. 1958-ம் ஆண்டு ஆஸ்கார் பரிசுக்குப் பரிசீலிக்கப்பட்ட செய்திப் படங்களில் இதுவும் ஒன்று. பரிசு வேறு படத்துக்குப் போயிற்று.

கிரவுதர் கேட்ட கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. நாள் முழுவதும் உழைத்தவன் சினிமாவுக்குப் போவது எதற்காக? கொஞ்ச நேரம் கவலையை மறக்கத்தான். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நடைபாதையையும் மதுக்கடையையும் காட்டினால் "இதற்கு நான் வீட்டிலேயே இருந்திருப்பேனே" என்றுதான் சொல்வான். சொல்வதில் தவறும் இல்லை. எல்லாப் படமும் இப்படி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். குடிகாரர்கள் வராத படங்களா ஓடிக்கொண்டிருந்தன? எத்தனையோ படங்களில் வந்தார்கள். தள்ளாடிக்கொண்டு வந்து விழுவார்கள், கொட்டகை சிரிக்கும். அல்லது கடைசி ரீலில் திருந்துவார்கள்; கொட்டகை கை தட்டும். அந்தச் சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் காசு கொடுக்க யாரும் தயங்கவில்லை. குடியைப் பார்த்துச் சிரிக்கக் காசு கொடுக்கலாம். உள்ளது உள்ளபடி பார்க்கக் காசு கொடுக்கக் கூடாதா? தகப்பன் குடிக்கிற வீட்டில் ஒரு பையன் சினிமாவில் தள்ளாட்டத்தைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும்? அவனுக்கு "ஆன் தி பவரி" துயரமாக இருக்காது. தன் வீட்டு விஷயத்தைப் பெரியவர் ஒருவர் ஒளிக்காமல், கேலி செய்யாமல் சொல்லிவிட்டார் என்றுதான் இருக்கும்.

ஆகையால் இது மறைக்கவேண்டிய படம் அல்ல. பெரியவர்கள் பார்க்கவேண்டிய படம். வளர்ந்த பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் பார்க்கலாம். பார்த்த பிறகு பேசிக்கொள்ளவும் வேண்டும். சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். அடிதடியும் போதை மயக்கமும் அவர்களைப் பயமுறுத்தும்.

40,000 டாலர்

படம் என்ன செய்தது? யாரையாவது திருத்தியதா?

கார்மனுக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. இன்னும் ஒரு முறை மிஞ்சிக் குடித்தால் உயிர் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். படம் முடியும் வரை கட்டுப்பாடாக இருப்பதாகக் கார்மன் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெட்டியைத் திருடுபவராக நடித்தவர், ரோகோசினுக்குக் கொடுத்த வாக்கைத் திருடவில்லை! படப்பிடிப்பு முடிந்தது. கார்மன் மதுக்கடைக்குப் போனார். குடித்தார். இறந்துபோனார். படம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை.

குடியை விட முடியாதவர் என்று அவரைச் சொல்ல முடியுமா? வேலை இருந்த நாளெல்லாம் விட்டிருந்தாரே! காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இருந்தது. "கார்மன், வா" என்று கூப்பிட ஆள் இருந்தார்கள். அவர் வராவிட்டால் வேலை நின்றுவிடும் என்ற நிலை இருந்தது. படம் முடிந்ததும் அதுவும் முடிந்துவிட்டது. போதகரின் பிரசங்கம் கொடுக்காத ஒன்றை அந்தப் படப்பிடிப்பு சில காலம் அவருக்குக் கொடுத்தது. அவ்வளவு நாள் கழித்து அதைத் திடீரென்று எடுத்துக்கொண்டது. இதற்கு ரோகோசின் பொறுப்பா? படம் எடுப்பவர் ஆயுள் முழுவதும் ஒருவரைக் கூடவே வைத்துக் காப்பாற்ற முடியாது. ஆனாலும் மனம் சமாதானம் ஆகவில்லை.

ரே சால்யரின் கதை வேறு. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஹாலிவுட்டிலிருந்து அழைப்பு வந்தது. 40,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள் என்கிறார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணத் தொகை அல்ல. வீடு வாங்கலாம், கார் வாங்கலாம், மிச்சமும் இருக்கும். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு பவரித் தெருவிலும் அவரைக் காணவில்லை. சரக்கு ரயில் ஒன்றில் தொற்றிக்கொண்டு போய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

பலர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். இருக்கலாம். கையில் ஒரு நாள் கூலி கிடைத்தாலே தம்மால் சும்மா இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். 40,000 டாலர் கையில் வந்தால் என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரிந்திருக்கலாம். மற்றவர்களைவிடத் தம்மை அவர் நன்றாக அறிந்தவர்.

காமிராவுக்கு முன்னால் நின்றவர்களை மட்டும் குடி பிடித்திருக்கவில்லை. காமிராவுக்குப் பின்னால் நின்ற பாக்லியும் குடிக்கு அடிமையானவர்தான். அவரும் சில ஆண்டுகளில் இறந்துவிட்டார். அந்த முகங்களைக் காமிரா அவ்வளவு பரிவோடு பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ரோகோசின் நினைத்தபடி தென் ஆப்பிரிக்காவுக்குப் போனார். சுற்றுலாக்காரர்களுக்காக இசைப் படம் எடுப்பதுபோல அதிகாரிகளிடம் காட்டிக்கொண்டு, ரகசியமாக "கம் பேக், ஆப்பிரிக்கா" என்ற படத்தை எடுத்தார். அது 1959-ல் வந்தது. அதில் பாடிய மிரியம் மகேபா பிறகு உலகப் புகழ் பெற்றார். 1960-ல் ரோகோசின் நியூயார்க்கில் ஒரு படக் கொட்டகையும் தொடங்கினார். மற்றவர்கள் திரையிடத் தயங்கும் படங்களை அங்கே காட்டினார். 2000-ல் காலமானார். 2008-ல் "ஆன் தி பவரி" படத்தை அமெரிக்க நாட்டின் பாதுகாக்கவேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். எந்தத் தெருவைப் பார்த்து ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டதோ, அந்தத் தெருவின் படம் இப்போது நாட்டின் பொக்கிஷம்!

தெருவும் மாறிவிட்டது. இரும்புத் தூண்கள் போய்விட்டன. வெயில் விழுகிறது. கோழிக் கூண்டு விடுதிகள் இருந்த வீதியில் இன்று உயர்ந்த ஓட்டல்களும் கலைக்கூடமும் நிற்கின்றன. அங்கே ஓர் இரவு தங்க ஆகும் செலவைக் கேட்டால் கார்மன் மயங்கி விழுந்திருப்பார். பழைய ஆட்கள் எங்கே போனார்கள்? திருந்தி வீட்டுக்குப் போனவர் சிலர் இருக்கலாம். இறந்தவர் பலர். மற்றவர்கள் வேறு தெருவுக்குப் போயிருப்பார்கள். தரும விடுதியில் இன்றும் சாப்பாடு போடுகிறார்கள். அதற்கு ஆட்களும் வருகிறார்கள்.

படத்தின் முடிவு இதுதான். கார்மன் கொடுத்த காசோடு ரே புறப்படுகிறார். கார்மன் தம்முடைய பழைய கூட்டாளிகளிடம் திரும்பி வருகிறார். ரே போய்விட்டான் என்ற பேச்சு வருகிறது. அங்கே இருப்பவர் ஒருவர், "அவன் திரும்பி வருவான்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறார். அதில் கோபம் இல்லை. கேலி இல்லை. அந்தத் தெருவில் பலர் போவதையும் வருவதையும் பார்த்தவர் சொல்கிறார். வெளியே நடைபாதையில் வழக்கம்போல ஆட்கள் படுத்திருக்கிறார்கள்.